யானைக் குலத்தான்

வனவிலங்குப் பூங்கா வாசலில் காக்கிச் சட்டைக்காரர் சன்னலுக்குள் தலையை நீட்டி, "ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி எதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். ஞாராய் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். "அந்த எழவாலதான் சார் போன வருஷம் இங்க என் புருஷனப் பறிகொடுத்தேன். மறுபடியும் கொண்டு வருவேனா?" என்றாள். அந்த மனிதருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சோளமாவு மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார். மூட்டைக்குள், மாவுக்கு நடுவில், ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் ஜெஸ்காவுக்கு அது தெரியாது. பின்னால் தன் வண்டியில் வந்துகொண்டிருந்த சாமுனோர்வாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் ஹராரே எல்லையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்.

இந்தச் சாமுனோர்வா யார் என்று சொல்லிவிடுகிறேன். ஞாராயின் கணவன் யோசியாவின் குடும்பத்துக்கு அவன் சஹ்விரா. ரத்த உறவு கிடையாது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வருகிற சடங்குத் தோழமை. கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கேலி செய்வதும் அவன்தான், சாவு வீட்டில் பெட்டியைக் குழியில் இறக்குவதும் அவன்தான். செத்தவனுடைய உடுப்பை மாட்டிக்கொண்டு, செத்தவனைப் போலவே நடந்து பேசிக் காட்டி, அழுகிற கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். அவன் என்ன சொன்னாலும் யாரும் கோபப்படக் கூடாது. பட்டால் பட்டவருக்குத்தான் இழுக்கு. நல்ல வழக்கம்தான், யார் இல்லை என்றது? நரம்பில்லாத நாக்குக்காரன் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் முன்னோர்கள் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

போன வருஷம் யோசியாவும் அவனும் மட்டும் இதே சாம்பேசி ஆற்றங்கரைக்கு யானை பார்க்க வந்தார்கள். இங்கே வேலி கிடையாது. நாமே வண்டி ஓட்டி வந்து, நாமே கூடாரம் போட்டு, நாமே சமைத்துத் தின்ன வேண்டும். யானைகள் கூடாரத்துக்கு நடுவே நடந்து போகும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் நம்மை ஒரு மரமாகக்கூட மதிக்காது. ஆரஞ்சு வாசனை மட்டும் அதற்கு ஆகாது. ஆகாது என்றால் வெறுப்பு இல்லை, அவ்வளவு ஆசை. எப்போதோ யாரோ கொடுத்துப் பழக்கிய ருசி. ஒரு பழத்துக்காகக் காரைத் தகர டப்பாவைப் போலப் பிரித்துப் போட்டுவிடும். யோசியாவின் வண்டியில் பழம் இருந்தது. யானை வந்தது. யோசியா செத்தான். பூங்காக்காரர்கள் அந்த யானையையும் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கீறல் இல்லாமல் ஊர் திரும்பியது சாமுனோர்வா மட்டும்தான். "நான் ஆத்தங்கரையில தூண்டில் போட்டுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடியாந்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு" என்றான்.

சாவு வீட்டில் யோசியாவின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கன்னத்தில் ஒரு பழத்தை அடக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். யோசியா பிறந்தது குரங்குக் குலம். சாமுனோர்வா யானைக் குலம். அவரவர் குலத்து மிருகத்தை அவரவர் தின்னவும் கூடாது, கொல்லவும் கூடாது. அதை வைத்துத்தான் ஆடினான்.

"குரங்குக் குலத்தான் பழத்தக் கண்டா விடுவானா? வாசல்ல கேட்டப்ப இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டு சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கான் திருட்டுப்பய. நாக்கு ருசிக்கு இவன் செத்தான், சரி. எங்க வம்சத்துல ஒரு பெரிய மனுஷன் குண்டடி பட்டுச் செத்தாரே, அதுக்கு யாரு வந்து பதில் சொல்றது?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெற்ற தாய்கூடச் சிரித்தாள், பாவி. ஞாராய் பாயில் உட்கார்ந்தபடி தன் கையை வாயால் கடித்துக்கொண்டிருந்தாள். யோசியாவுக்கு வயிற்றுப்புண். புளிப்பு நாக்கில் பட்டால் ராத்திரியெல்லாம் சுருண்டு கிடப்பான். கணக்கு வாத்தியார் அவன். வெளியே தெரிந்தால் பலவீனம் என்று நினைப்பார்கள் என்று அதை மூடி வைத்திருந்தான். அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அவள் சொன்னபோது, தாலியறுத்தவள் புருஷனை விட்டுக்கொடுப்பாளா என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து யோசியா ஆரஞ்சு வாத்தியார். மகன் அனேசு பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சு மகன். உதடு கிழிந்து வந்த அன்று பையன் கேட்டான்: "அம்மா, நான் உன் அப்பா பேரையே வெச்சுக்கட்டுமா?" ஞாராய்க்குள் எதுவோ அன்றைக்குக் கெட்டிப்பட்டது. வருஷம் திரும்பியதும் இறந்தவனின் ஆவியை வீட்டுக்கு அழைக்கிற சடங்கு வரும். அதில் சொல்லப்படுகிற பேர்தான் பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிற்கும். சாமுனோர்வாவோ மதுக்கடையில் கன்னத்தில் பழத்தை அடக்கி ஒத்திகையே பார்க்க ஆரம்பித்துவிட்டான். அதற்குள் உண்மை வெளியே வர வேண்டும். அவன் வாயாலேயே வர வேண்டும். ஜெஸ்காவின் காதில் விழ வேண்டும். அந்தக் குடும்பத்தில் மூத்த அக்காள் சொன்னால் ஆண்களும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

"அவரு விழுந்த எடத்துல கொஞ்சம் பீர் ஊத்தி அவரக் கூப்பிடணும். நீங்க இல்லாம முடியுமாண்ணே?" என்று அவனிடம் போய் நின்றாள். தோழமை கொண்டவன் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொல்லவுமில்லை.

இப்படித்தான் மூன்று பேரும் இரண்டு வண்டியில் வந்து, ஆற்றங்கரையில் பெரிய வேல மரங்களுக்கு அடியில் இறங்கினார்கள். காய் உதிர்கிற பருவம். தரையெல்லாம் சுருள் சுருளாகக் காய்கள். எதிர்க்கரையில் சாம்பியா மலைகள் வெயிலில் மங்கித் தெரிந்தன. சாமுனோர்வா தன் வண்டிக் கூரைமேல் கூடாரத்தை விரித்து, ஏணியைச் சாய்த்துவிட்டு, மேலே ஏறி நின்று காட்டை ஒரு ஜமீன்தாரைப் போலப் பார்த்தான்.

"அனேசு அம்மா, பயப்படாம சமைங்க. நான் இருக்கிற எடத்துல எங்காளுங்க வாலாட்ட மாட்டாங்க."

"உங்காளுங்களுக்கு வாலு சின்னதுண்ணே. நாக்குதான் நீளம்போல" என்றாள் ஞாராய், களியைக் கிண்டிக்கொண்டே.

"பாத்தீங்களா ஜெஸ்கா அக்கா, குரங்கு வீட்டு மருமகளுக்கு வாயப் பாத்தீங்களா."

ஜெஸ்கா சிரித்தாள். தம்பி செத்த இடத்தில் இந்தப் பேச்சாவது இருக்கிறதே என்று அவளுக்கு ஆறுதல்.

சாயங்காலம் ஒரு கூட்டம் ஆற்றைக் கடந்து வந்தது. முன்னால் ஒரு கிழப் பெண் யானை, பின்னால் குட்டிகள், தண்ணீருக்கு மேலே தும்பிக்கைகள் மட்டும் வரிசையாகத் தெரிய. கரையேறிய ஒரு குட்டி சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டது. தாய் காலால் அதன் பின்பக்கத்தைத் தள்ளித் தள்ளி ஏற்றிவிட்டாள். ஜெஸ்கா தோள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.  யானைமேல் ஞாராய்க்கு எந்தக் கோபமும் இல்லை. யானை பொய் சொல்லாது, சாவு வீட்டில் ஆடிக்காட்டாது.

சாமுனோர்வா எழுந்து நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தாளம்போலத் தட்டினான். "தந்தத்துக்கு அதிபதியே, மலையை அசைப்பவரே, என் ரத்தமே" என்று குலப் புகழைப் பாடினான். கூட்டம் அவனைத் திரும்பியும் பாராமல் போனது. "கேட்டுட்டுப் போறாங்க" என்று சொல்லி உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் ஞாராய் தேடியது கூட்டத்தை அல்ல, ஒற்றை ஆண் யானையை. வந்தது. காது ஓரம் கிழிந்த பெரிய ஆண் யானை. பின்னங்கால்கள் இரண்டில் எழுந்து நின்று கிளையைப் பிடித்து உலுக்கிக் காய்களைக் கொட்டியது.  மரம் மரமாக நின்று தின்றபடி அவர்கள் பக்கமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் வந்துவிடும்.

சாப்பாட்டுக்குக் களியும் கப்பெந்தாப் பொடிமீன் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். சாமுனோர்வாவுக்கு இரண்டாம் முறையும் அள்ளி வைத்தாள். பீரும் ஊற்றிக் கொடுத்தாள். வெட்டப் போகிற ஆட்டுக்குத் தழை காட்டுகிற மாதிரிதான். அவன் ஏப்பம் விட்டுக்கொண்டு ஏணியில் ஏறிக் கூடாரத்துக்குள் படுத்தான். குறட்டை கேட்டதும் மாவு மூட்டையைப் பிரித்தாள். பழப் பையை எடுத்து அவன் வண்டியின் முன்சீட்டில் வைத்து, பாதியை வெளியே பரப்பினாள். நாலைந்தை நசுக்கிச் சாற்றைச் சீட்டில் தேய்த்தாள். சன்னலை ஒரு சாண் இறக்கிவிட்டாள். வெயிலில் வாசனை குப்பென்று எழுந்தது.  

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அக்கா, பெரிய யானை ஒண்ணு வருது. வண்டிக்குள்ள ஏறி உக்காந்து பாக்கலாம்" என்று ஜெஸ்காவை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை.

யானை காய் பொறுக்குவதை நிறுத்தியது. தும்பிக்கையை உயர்த்தி, நுனியை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பியது. பிறகு அவசரமே இல்லாமல் சாமுனோர்வாவின் வண்டியை நோக்கி நடந்தது.

"அங்க ஏன் போகுது?" என்றாள் ஜெஸ்கா. "சாமுனோர்வா மேல தூங்குறானே."

"எழுந்திருப்பாரு."

எழுந்தான். யானை சன்னல் சட்டத்தில் கொம்பை வைத்து ஒரு அழுத்து அழுத்தியதும் கண்ணாடி நொறுங்கி, வண்டி முழுதும் ஆடியது. கூடாரத்து வாயிலிருந்து அவன் தலை வெளியே வந்தது. கீழே பார்த்தான். ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை அவனுக்கு. பிறகு வாசனை ஏறியது. முகம் சாம்பலாகிவிட்டது.

ஆனாலும் வீம்பை விடவில்லை மனிதன். மண்டி போட்டுக் கைகளைத் தட்டினான். "தந்தத்துக்கு அதிபதியே, மலையை அசைப்பவரே" என்று தொடங்கினான். மலையை அசைப்பவர் வண்டியை இன்னொரு தரம் அசைத்தார். அவன் குப்புற விழுந்தான்.

"அனேசு அம்மா, ஹாரன் அடிங்க. வண்டியக் குறுக்க கொண்டாங்க."

ஞாராய் கண்ணாடியை இறக்கினாள். சாவி கையில் இருந்தது. "அடிக்கிறேண்ணே. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. போன வருஷம் பழம் யாரு வாங்கினது?"

ஜெஸ்கா திரும்பிப் பார்த்தாள். "என்னடி இது? நீயா பழத்த வெச்ச?"

"நான்தான் வெச்சேன். கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க அக்கா."

"இப்ப கேக்கிற கேள்வியாம்மா இது?" என்றான் அவன். "உம் புருஷன்தான்... அவன்தான் ஆசைப்பட்டு..."

"அவருக்கு வயித்துப்புண்ணு. புளிப்பு ஆகாது. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. யானைக் குலத்தாருதானே நீங்க, உங்கள என்ன செஞ்சிடப் போகுது?"

யானை தும்பிக்கையை உள்ளே விட்டுத் துழாவி ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டது. அடுத்தது கைக்கு எட்டவில்லை போலிருக்கிறது. முன்காலைக் கதவில் வைத்து மிதித்தது. தகரம் மடங்குகிற சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப விழுந்தது. கூடாரத்துக் கம்பி ஒன்று முறிந்து தொங்கியது.

"நான்தான்" என்று கத்தினான். "நான்தான் வாங்கினேன். சின்ஹோயி ரோட்டுல வாங்கினேன். எங்க குலத்து ஆளுங்க எனக்கு ஒண்ணும் செய்யாதுன்னு அவன்கிட்டப் பந்தயம் கட்டினேன். பழத்த வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன், தொடுதா பாருன்னு சொன்னேன். அவன் வேணாம் வேணாம்னுதான் சொன்னான். போதுமா? ஹாரன அடிம்மா."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவனுக்குச் சறுக்கிய அடிக்கு யோசியா விழுந்தான். முழுப் பூசணிக்காயை ஒரு வருஷமாகச் சோற்றில் மறைத்து வைத்து, அதே சோற்றை அவள் வீட்டிலேயே தின்றிருக்கிறான். ஞாராய்க்கு உடம்பெல்லாம் லேசானது. ஜெஸ்கா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, நான் பெறாத பிள்ள, எல்லாரும் சிரிச்சோமே, நானும் சிரிச்சேனே" என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்தாள்.

"சொல்லிட்டான்ல, நான் கேட்டுட்டேன். ஊர்ல நான் சொல்றேன். வண்டிய எடு ஞாராய். இவன் செத்தா அந்த யானையையும் சுட்டுப் போடுவாங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

நியாயம்தான். ஞாராய் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். ஹாரன்மேல் கை வைத்தாள். இவ்வளவுதான் அவள் கேட்க வந்தது. கேட்டாயிற்று.

பயந்தவனுக்கு வாயை மூடத் தெரியாது. இன்ஜின் சத்தம் கேட்டதும் அவன் இன்னும் வேகமாகப் பேச ஆரம்பித்தான். "நான் வேணும்னு செய்யல தாயி. நானும் அன்னைக்கு ஹாரன் அடிச்சேன். அடிச்சுக்கிட்டேதான் இருந்தேன், அது போகல."

ஞாராயின் கை ஹாரன்மேல் அப்படியே நின்றது.

"ஹாரன் அடிச்சியா? நீ ஆத்தங்கரையில தூண்டில் போட்டுக்கிட்டிருந்தன்னு சொன்ன."

அவன் முறிந்து தொங்கிய கம்பியைப் பற்றிக்கொண்டான்.

"நீ வண்டிக்குள்ள இருந்தியா?"

யானை மறுபடி மிதித்தது. "இருந்தேன்" என்றான். "பந்தயம்னு பழத்தோட உள்ள உக்காந்திருந்தேன். அந்தப் பக்கக் கண்ணாடிய ஒடைச்சுட்டுத் தும்பிக்கைய உள்ள விட்டுச்சு. நான் இந்தப் பக்கம் ஒடுங்கிக் கெடந்தேன். அவன் வெளிய நாற்காலியில இருந்தான்."

"அவரு ஓடி வந்தாரா?"

"வந்தான். கதவப் பிடிச்சு இழுத்தான்."

"கதவு?"

"பூட்டியிருந்துச்சு. நான்தான் பூட்டினேன். தெறந்தா சத்தம் கேட்டு என் பக்கம் திரும்பும்னு... தட்டினான். அதுக்குள்ள அது சுத்திக்கிட்டு அவன் பக்கம் வந்துருச்சு. தெறந்திருந்தா ரெண்டு பேரும் செத்திருப்போம் தாயி. புரிஞ்சுக்க."

"எந்தக் கதவு?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு. யோசியாவின் வண்டிதான் இது. அவன் போன பிறகு உடைந்ததை மாற்றி, அவள்தான் ஓட்டுகிறாள். மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறாள், சந்தைக்குப் போகிறாள், தினமும் அந்தக் கைப்பிடியைத்தான் பிடிக்கிறாள். ஞாராய் இன்ஜினை நிறுத்தினாள்.

ஜெஸ்கா "எடு" என்று இப்போது சொல்லவில்லை.

கிழிந்த காது யானை ஒருவழியாக அந்தப் பையையே வெளியே இழுத்துப் போட்டது. பழங்கள் உருண்டன. அது நின்ற இடத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. இதுதான் சமயம் என்று சாமுனோர்வா மறுபக்கம் ஏணி வழியாகச் சறுக்கி இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து அவர்கள் வண்டிக்கு ஓடி வந்தான். முதலில் எட்டியது ஜெஸ்காவின் கதவு. அவன் கை கைப்பிடிக்கு வரவும், ஜெஸ்கா அவன் முகத்தைப் பார்த்தபடியே பூட்டை அழுத்திவிட்டாள்.

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். இழுத்தான். வரவில்லை. தட்டினான். முதலில் விரல் முட்டியால், பிறகு உள்ளங்கையால்.

ஞாராய் கண்ணாடியை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கினாள்.

"அவரு எத்தனை தடவ தட்டினாரு?"

"தாயி, கதவத் தெற. அது திரும்புது தாயி."

"கேட்டதுக்குச் சொல்லு. எத்தனை தடவ?"

"தெரியல. சத்தியமா நெனவில்ல."

"நெனவு வர்ற வரைக்கும் தட்டு" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

அவனுக்குப் பின்னால் யானை கடைசிப் பழத்தைத் தின்று முடித்துத் தும்பிக்கையை உயர்த்தியது. அவன் தட்டினான்.